கரண்ட் இல்லாமல் ஓடும் கணப்படுப்பு விசிறி: எதை வாங்குவது, நின்றுபோனால் எப்படிச் சரிசெய்வது

கனடாவில் பனிக்காலப் புயல் அடித்தால் முதலில் போவது கரண்ட். 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் உறைமழை மின்கம்பிகளை அறுத்துப் போட்டது. 2013 கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு டொராண்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருட்டில் கிடந்தன. காஸ் ஃபர்னஸ் வைத்திருந்தவர்களுக்கும் வீட்டில் சூடு இல்லை. காஸ் வந்துகொண்டிருந்தாலும் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் புளோயர் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. விறகுக் கணப்படுப்பு இருந்த வீடுகள் தப்பித்தன. அப்படிப்பட்ட அடுப்பின் தலையில், வயரும் பேட்டரியும் இல்லாமல் அடுப்புச் சூட்டிலேயே சுற்றும் சின்னக் கறுப்பு விசிறிதான் இங்கே பேசுபொருள்.

இந்த வகையில் பெயர்பெற்றது ஈக்கோஃபேன். ஒன்டாரியோவைச் சேர்ந்த காஃப்ரமோ நிறுவனம் 1990-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு ஆன்லைனில் அதே தோற்றத்தில் நான்கு, ஐந்து, ஆறு இறக்கை வைத்த பெயரில்லா விசிறிகள் குவிந்து கிடக்கின்றன. விலை பாதிக்கும் குறைவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிதாக இருக்கும்போது இரண்டுக்கும் காற்றில் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது மூன்றாவது குளிர்காலத்தில், விசிறி மெதுவாகும்போது. எதைத் திருப்புளி வைத்துப் பிரித்து, உள்ளே உள்ள மோட்டாரையும் மின்சாரம் தரும் வில்லையையும் மாற்ற முடிகிறதோ அது நல்ல விசிறி. பிரிக்க முடியாதது எவ்வளவு மலிவாக இருந்தாலும் குப்பைக்குத்தான் போகும்.

எப்படி ஓடுகிறது

அடுப்பின் மேல் உட்காரும் அலுமினிய அடிக்கட்டை, மேலே மெல்லிய மடிப்பு மடிப்பாக நிற்கும் அலுமினியத் தகடுகள், இரண்டுக்கும் நடுவே பீங்கான் பூசிய சதுர வில்லை. வில்லை பெரும்பாலும் 40க்கு 40 மில்லிமீட்டர், தடிமன் 3 முதல் 4 மில்லிமீட்டர். அதன் ஒரு முகம் சூடாகவும் மறு முகம் அதைவிடக் குளிர்ந்தும் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் ஜெர்மனியின் தாமஸ் சீபெக் கண்ட விளைவு இது. வில்லைக்குள் பிஸ்மத் டெல்லுரைடு துண்டுகள் வரிசையாக ஈயப்பற்று போட்டு இணைக்கப்பட்டிருக்கும். வழக்கமான அளவில் 127 ஜோடி. அதிலிருந்து வரும் இரண்டு வயர்கள் ஒன்று இரண்டு வோல்ட்டில் ஓடும் சின்ன டிசி மோட்டாருக்குப் போகின்றன. அவ்வளவுதான் இயந்திரம்.

இதில் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. விசிறியை ஓட்டுவது வெறும் சூடு இல்லை, கீழ் முகத்துக்கும் மேல் முகத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம். வித்தியாசம் பாதியானால் மோட்டாருக்குக் கிடைக்கும் சக்தி பாதியாகாது, கால் பங்காகிவிடும். கீழே 150 டிகிரி, மேலே 70 டிகிரி என்றால் வித்தியாசம் 80. மேல் தகடுகளில் தூசி படிந்து அங்கே 110 ஆகிவிட்டால் வித்தியாசம் 40. அடுப்பு அதே சூட்டில் எரிந்தாலும் விசிறி தள்ளாடும். “அடுப்பு நன்றாகத்தானே எரிகிறது, விசிறி ஏன் மெதுவாகிவிட்டது?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. கோளாறு என்று வரும் விசிறிகளைப் பார்க்கும்போது கீழே இன்னும் சூடு ஏற்றுவதை விட மேலே ஆற்றுவது எப்படி என்று யோசிப்பதே சரியான வழி.

அடுப்பு மூட்டி விசிறி வேகமெடுத்த பிறகு, ஒரு மணி நேரத்தில் வேகம் கொஞ்சம் குறைவது இயல்பு. தொடக்கத்தில் மேல் தகடுகள் குளிர்ந்திருக்கும், பிறகு அவையும் சூடேறும். இதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய.

எங்கே வைப்பது

பாதிப் பிரச்சினை இடத்திலேயே தீர்ந்துவிடும். விசிறி பின்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, தகடுகளின் வழியே கொண்டுவந்து முன்னால் தள்ளுகிறது. அதனால் அதன் முதுகுக்குப் பின்னால் குளிர்ந்த காற்று வேண்டும். அடுப்பின் மேற்பரப்பில் பின் ஓரத்திலோ பக்கவாட்டு ஓரத்திலோ, விளிம்பிலிருந்து ஒரு சில சென்டிமீட்டர் உள்ளே, முகம் அறையைப் பார்த்தபடி வையுங்கள். முன் ஓரத்தில் வைத்தால் அடுப்பின் மேல் தவழும் சூடான காற்றையே இழுக்கும். மேல் தகடுகள் ஆறாது. புகைபோக்கிக் குழாய்க்கு நேர் முன்னால் ஒட்டி வைத்தால் இன்னும் மோசம். குழாயின் சூடு மோட்டாரின் முதுகில் விழும், அதன் காந்தம் வலுவிழக்கும். குழாயிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வைப்பது நல்லது.

சுவரில் குழிக்குள் செருகிய அடுப்புகளில் மேலே இடம் இருந்தாலும் பின்னால் காற்று இருக்காது. அங்கே இந்த விசிறி சரிப்படாது. சோப்புக்கல் பதித்த அடுப்பு, இரட்டைத் தகடு போட்ட அடுப்பு ஆகியவற்றிலும் யோசிக்க வேண்டும். அவற்றின் மேற்பரப்பு வேண்டுமென்றே குளிர்ச்சியாக வைக்கப்பட்டிருக்கும், விசிறி கிளம்பாமலே போகலாம். வாங்கும் முன் காந்தத்தில் ஒட்டும் அடுப்பு வெப்பமானி ஒன்றை மேல்தகட்டில் வைத்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். இந்த விசிறிகள் மாடலைப் பொறுத்துச் சுமார் 65 முதல் 85 டிகிரி செல்சியஸில் கிளம்பும். 200 டிகிரிக்கு மேல்தான் முழு வேகம். உங்கள் அடுப்பு 120-ஐத் தாண்டுவதே இல்லையென்றால் குறைந்த சூட்டில் கிளம்பும் மாடலாகத் தேட வேண்டும்.

மேல் வரம்பும் உண்டு. ஈக்கோஃபேனின் வழக்கமான மாடல்களுக்கு அது 345 டிகிரி, பாரன்ஹீட்டில் 650. அதற்கு மேல் போனால் வில்லைக்குள் இருக்கும் ஈயப்பற்று இளகத் தொடங்கும். இளகினால் வில்லை போனது போனதுதான். இதற்காக அடிக்கட்டையில், இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டை ஒன்று இருக்கும். சூடு எல்லையை நெருங்கும்போது அது வளைந்து விசிறியின் ஒரு ஓரத்தை அடுப்பிலிருந்து லேசாகத் தூக்கிவிடும். விசிறி சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும் அழுத்திப் படிய வைக்காதீர்கள். அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. குறைக்க வேண்டியது அடுப்பின் சூட்டை. அதே சமயம், விசிறியைக் காப்பதற்காகக் காற்று வழியை முழுக்க மூடி விறகைப் புகைய விடுவதும் தப்பு. புகைபோக்கிக்குள் தார் படியும், அது தீப்பிடிக்கும். சூடு அதிகமென்றால் விசிறியை இடுக்கியாலோ மேல் கைப்பிடியாலோ கீழே இறக்கிவிடுவதே சுலபம்.

எவ்வளவு காற்று எதிர்பார்க்கலாம்

பெட்டியில் நிமிடத்துக்கு 100, 125, 175 கன அடி என்றெல்லாம் போட்டிருக்கும். இந்த எண்களை ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் ஒப்பிட்டு வாங்காதீர்கள். ஒவ்வொருவரும் எந்தச் சூட்டில், எப்படி அளந்தார்கள் என்பது வேறு வேறு. கூரை விசிறியோடு ஒப்பிட்டால் இவை தள்ளுவது சொற்பம். முகத்தில் காற்று அடிக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

இதன் வேலை வேறு. கணப்படுப்பின் சூடான காற்று நேராகக் கூரைக்கு ஏறி அங்கேயே தங்கும். சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கால் சில்லென்றே இருக்கும். ஏறும் அந்தக் காற்றைக் கிடைமட்டமாக அறைக்குள் திருப்பிவிடுவதுதான் இந்தச் சின்ன விசிறி செய்வது. ஒற்றை அறையில், குறைந்த உயரக் கூரையின் கீழ் இது நன்றாகத் தெரியும். பக்கத்து அறைக்கும் மாடிக்கும் சூட்டை அனுப்பும் என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு ஒரு சாதாரண மேசை விசிறியைக் குளிர்ந்த அறையின் வாசலில் தரையில் வைத்து, அடுப்பு அறையை நோக்கி மெதுவாக ஓட விடுங்கள். குளிர் காற்று கீழே போகும், சூடான காற்று மேல்வழியாகத் தானே அந்த அறைக்கு வரும். செலவும் குறைவு, பலனும் அதிகம். இந்த யோசனையைச் சொல்லும் விசிறிக் கடை எதுவும் கிடையாது என்பது வேறு கதை.

இறக்கை எண்ணிக்கைக்கும் பெரிய அர்த்தமில்லை. மோட்டாருக்கு வரும் சக்தி ஓரிரு வாட்தான். இறக்கை கூடினால் சுமை கூடும், சுற்று குறையும். ஆறு இறக்கை வைத்த விசிறி இரண்டு இறக்கை வைத்ததை விடக் கண்ணுக்கு வேகமாகத் தெரிந்தாலும் தள்ளும் காற்று குறைவாக இருக்கலாம். அகலமான, முறுக்கு சரியாக வைத்த இரண்டு இறக்கைகளே போதும்.

வாராந்திர வேலை

தகடுகளுக்கு இடையே தூசி, நாய் பூனை முடி, சாம்பல் சேரும். விசிறி முழுக்க ஆறியபின் மென்மையான பெயின்ட் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டி, வேக்குவம் குழாயை அருகில் பிடித்து உறிஞ்சினால் போதும். அழுத்தக் காற்றை நேராக மோட்டார் மீது அடிக்காதீர்கள். மோட்டார் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷுக்குள் தூசி போய் உட்காரும். தண்ணீரில் கழுவுவது கூடவே கூடாது. வில்லையின் ஓரத்தில் ஈரம் புகுந்தால் உள்ளே அரிப்பு பிடிக்கும்.

அடிக்கட்டையின் கீழ் முகத்தையும் அடுப்பின் மேற்பரப்பையும் மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள். துருவும் அடுப்புப் பாலிஷும் சேர்ந்து அடை தட்டினால் சூடு ஏறாது. நான்கு சைபர் நம்பர் (0000, மிக மெல்லிய ரகம்) ஸ்டீல் வுல் கொண்டு லேசாகத் தேய்த்துத் துடைத்துவிடலாம். பிறகு விசிறியைக் கண்ணாடி மேசையில் வைத்து அடிக்கட்டை ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஈருலோகப் பட்டை வளைந்தபடியே நின்றுவிட்டது என்று அர்த்தம். மலிவு விசிறிகளில் இது அடிக்கடி நடக்கிறது. பட்டை குளிர்ந்த நிலையில் அடிக்கட்டையை விட வெளியே துருத்தக் கூடாது.

விசிறியைத் தூக்கும்போது இறக்கையைப் பிடிக்காமல் கைப்பிடியைப் பிடியுங்கள். ஒரு மில்லிமீட்டர் வளைந்த இறக்கை போதும், விசிறி குலுங்கி மோட்டார் தண்டின் புஷ்ஷை ஓவலாகத் தேய்த்துவிடும். வளைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு பென்சிலை இறக்கை நுனிக்கு அருகே அசையாமல் பிடித்து இறக்கைகளைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எல்லா நுனிகளும் பென்சிலிலிருந்து ஒரே தூரத்தில் கடக்க வேண்டும்.

நின்றுபோனால்

சூடான விசிறியில் கை வைக்காமல், முழுக்க ஆறிய பிறகு வரிசையாகப் பாருங்கள். வரிசையை மாற்றினால் நல்ல வில்லையைக் கழற்றி உடைத்து வைப்பீர்கள்.

முதலில் இறக்கையை விரலால் சுண்டுங்கள். ஒன்றிரண்டு சுற்று ஓடி மெல்ல நிற்க வேண்டும். உடனே நின்றாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ மோட்டார் தண்டில் கோளாறு. பெரும்பாலும் முடி சுற்றியிருக்கும். இறக்கையைக் கழற்றி, தண்டில் சுற்றிய முடியை ஊசியால் எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் கீச்சிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, ஊசி முனையில் எடுத்துத் தண்டும் புஷ்ஷும் சேரும் இடத்தில் வைக்கலாம். இரண்டு சொட்டு விட்டால் எண்ணெய் உள்ளே வழிந்து, மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் பிரஷ்ஷில் படும், மோட்டார் நின்றுவிடும். டபிள்யூடி-40 அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அது இருக்கும் எண்ணெயைக் கரைத்துக் கழுவிவிட்டுத் தானும் ஆவியாகிப் போகும். சூட்டில் பிசின் மாதிரி மிச்சம் நிற்கும். சமையல் எண்ணெய் இன்னும் மோசம். விசிறியோடு வந்த கையேடு எண்ணெய் போட வேண்டாம் என்று சொன்னால் வாரண்டி முடியும் வரை அதற்குக் கட்டுப்படுங்கள்.

அடுத்தது பேட்டரி சோதனை. மோட்டார் வயர்களை வில்லையின் வயர்களிலிருந்து பிரியுங்கள். பிரிக்காமல் பேட்டரி வைத்தால் ஏமாந்துபோவீர்கள். வில்லையின் தடை ஓரிரு ஓம்தான், பேட்டரியின் மின்சாரத்தில் பெரும்பகுதி அந்த வழியாக ஓடிவிடும், நல்ல மோட்டாரும் மந்தமாகத் தெரியலாம். பிரித்தபின் 1.5 வோல்ட் ஏஏ பேட்டரியை மோட்டார் வயர்களில் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால் பிரஷ் தேய்ந்திருக்கிறது, மோட்டாரை மாற்ற வேண்டும். 9 வோல்ட் பேட்டரியில் போட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

மோட்டார் சரி, விசிறி மட்டும் ஓடவில்லை என்றால் கோளாறு வில்லையில், அல்லது சூடு கடத்த அதன் முகங்களில் தடவிய பேஸ்ட்டில். இதைச் சோதிக்க அடுப்பு வேண்டாம், கொதிநீர் போதும். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அடிக்கட்டை ஒரு சென்டிமீட்டர் அளவு மூழ்கும்படி விசிறியை நிறுத்துங்கள். தண்ணீர் வில்லைக்கும் வயருக்கும் எட்டக் கூடாது. நல்ல விசிறி ஓரிரு நிமிடத்தில் சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் மோட்டாரைப் பிரித்து, வில்லையின் வயர்களில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 127 ஜோடி வில்லை, முகங்களுக்கு இடையே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 0.05 வோல்ட் தரும். 40 டிகிரி வித்தியாசம் என்றால் 2 வோல்ட். பேஸ்ட்டும் பீங்கானும் கொஞ்சம் விழுங்குவதால் மீட்டரில் சற்றுக் குறைவாகவே தெரியும்.

எதுவுமே வராமல் பூஜ்யம் காட்டினால் வயர் அறுந்திருக்கிறது அல்லது உள்ளே ஏதோ ஒரு பற்று விட்டுப்போயிருக்கிறது. ஜோடிகள் எல்லாம் ஒரே வரிசையில் இருப்பதால் ஒன்று விட்டாலும் முழுதும் போச்சு. வில்லை உடலோடு வயர் சேரும் இடத்தை முதலில் பாருங்கள். அங்கே மட்டும் விட்டிருந்தால் பற்றவைத்துக் காப்பாற்றலாம். சாதாரண ஈயப்பற்று அடுப்புச் சூட்டைத் தாங்காது, உருகுநிலை அதிகமான பற்று வேண்டும்.

குழப்புவது இன்னொரு நிலைமை. மோட்டார் இல்லாமல் அளந்தால் வோல்ட் நன்றாக வருகிறது, மோட்டாரைக் கொடுத்ததும் 0.2, 0.3 என்று விழுந்துவிடுகிறது. வில்லையின் உள்தடை ஏறிவிட்டது என்று பொருள். ஒரு தடவை எல்லை மீறிச் சூடாகியிருந்தாலோ, பல வருடம் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு உள்ளே நுண்விரிசல் விட்டிருந்தாலோ இப்படி ஆகும். புது வில்லைதான் தீர்வு. இங்கே ஓம் அளவில் மீட்டரை வைத்துப் பார்க்கிறவர்கள் தப்பான எண்ணைப் பார்ப்பார்கள். வில்லையின் இரு முகமும் ஒரே சூட்டில் இல்லாதவரை அது தானே வோல்ட் கொடுத்து மீட்டரை ஏமாற்றும். ஓமில் அளக்க வேண்டுமென்றால் விசிறி ஒரு ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

மோட்டார் இணைக்காமல் விசிறியை அடுப்பின் மேல் வைத்து அளப்பதைத் தவிருங்கள். காற்று ஓடாததால் மேல்பக்கம் ஆறாது, வில்லை முழுதும் வெந்துவிடும்.

வில்லையை மாற்றுதல்

வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து வந்ததென்றால் வில்லையை வாங்கும் முன் பேஸ்ட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். வில்லையின் இரு முகங்களிலும் தடவியிருக்கும் வெப்பப் பேஸ்ட் காய்ந்து பொடியாகி, இடையில் காற்று புகுந்திருக்கும். பல விசிறிகள் இதிலேயே உயிர்பெற்றுவிடும்.

பிரிப்பதற்கு முன் போட்டோ எடுங்கள்: சிவப்பு, கறுப்பு வயர்கள் எந்தப் பக்கம், எந்த முகம் கீழே என்று. மேல் தகட்டையும் அடிக்கட்டையையும் சேர்த்துப் பிடிப்பது இரண்டு ஸ்க்ரூதான். அவற்றோடு ஸ்பிரிங் அல்லது குவிந்த வாஷரும், சூடு கடத்தாத ஃபைபர் வாஷரும் வரும். அந்த ஃபைபர் வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கீழ்ச் சூடு ஸ்க்ரூ வழியாக நேரே மேல் தகட்டுக்கு ஏறிவிடும். புது வில்லை போட்டும் விசிறி பழைய மாதிரியே மந்தமாக இருக்கும். மாற்றியும் பலனில்லை என்று புலம்புகிறவர்களின் விசிறியைத் திறந்தால் காணாமல் போயிருப்பது பல நேரம் இதுதான்.

பழைய பேஸ்ட்டை மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அலுமினியம் பளிச்சிடும் வரை துடையுங்கள். கத்தியால் சுரண்டினால் கோடு விழும், கோட்டில் காற்று நிற்கும். புதுப் பேஸ்ட் கம்ப்யூட்டர் பிராசஸருக்குப் போடும் சாதாரண வகையாக இருக்கக் கூடாது, அது இந்தச் சூட்டில் ஒரு குளிர்காலம்கூடத் தாங்காது. உயர்வெப்பத்துக்கு என்று குறித்த பேஸ்ட் அல்லது வில்லை அளவுக்கு வெட்டிய கிராஃபைட் தாள் வாங்குங்கள். கிராஃபைட் தாள் காய்வதே இல்லை என்பதால் கீழ் முகத்துக்கு அதுவே மேல். பேஸ்ட் என்றால் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பயறளவு வைத்துப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் இழுத்துவிடுங்கள், கீழே உள்ள பரப்பு மங்கலாகத் தெரிய வேண்டும். தடிமனாகப் பூசினால் அதுவே சூட்டைத் தடுக்கும்.

ஸ்க்ரூவை ஒரு பக்கம் முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். பீங்கான் ஓரத்தில் விரிசல் விடும். கால் சுற்று இங்கே, கால் சுற்று அங்கே என்று மாற்றி மாற்றி முறுக்கி, ஸ்பிரிங் அழுந்தியதும் நிறுத்துங்கள். ஸ்பிரிங் முழுக்க நசுங்கும் வரை போனால் சூட்டில் உலோகம் விரியும்போது விட்டுக்கொடுக்க இடமிருக்காது. வயர்களைச் சேர்த்துக் கொதிநீரில் சோதியுங்கள். காற்று முன்னால் வராமல் பின்னால் போனால் வில்லை தலைகீழாக உட்கார்ந்திருக்கிறது அல்லது வயர் மாறியிருக்கிறது. வயரை மாற்றிக் கொடுத்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். சில வில்லைகளில் சூடு தாங்கும் முகம் ஒன்றுதான், அது கீழேதான் இருக்க வேண்டும்.

வில்லை வாங்குவதில் ஒரு பொறி உண்டு. பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் குளிரூட்டும் வில்லைகள், டிஇசி1-12706 என்ற எண்ணோடு, சில டாலருக்குக் கிடைக்கும். 127 ஜோடி, 6 ஆம்பியர் என்பதே அந்த எண்ணின் அர்த்தம். சிறு குளிர்பெட்டிகளுக்காகச் செய்தவை. பலவற்றில் உள்ள பற்று 138 டிகிரியிலேயே உருகிவிடும். கொதிநீர் சோதனையில் அழகாக ஓடும், அடுப்பில் வைத்த முதல் ராத்திரியே போகும். மின்சாரம் தயாரிக்கும் வகை என்று குறிப்பிட்டு, தாங்கும் சூடு எவ்வளவு என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். பெயரில்லா மலிவு விசிறிகள் சிலவற்றில் கம்பெனியே இந்தக் குளிரூட்டும் வில்லையைப் போட்டு அனுப்புகிறது. ஒரே சீசனில் செத்துப்போவதற்குக் காரணம் இதுவே.

எதை வாங்கலாம்

ஈக்கோஃபேன் விலை அதிகம். ஆனால் மோட்டாரும் வில்லையும் உதிரிபாகமாகக் கிடைக்கின்றன; ஸ்க்ரூ கழற்றினால் பிரிந்துவிடும்; அடிக்கட்டையும் தகடுகளும் கனமான அலுமினியம். பத்து வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இதுவே கணக்குக்குச் சரி. இதன் குறை, சத்தம் இல்லாமல் ஓடுவதற்காக வேகம் அடக்கி வைக்கப்பட்டிருப்பது. கையை அரை மீட்டர் தள்ளி வைத்தாலே காற்று மெலிதாகத்தான் படும்.

மலிவு விசிறி வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள். மேல் தகட்டையும் அடிக்கட்டையையும் இணைக்கும் ஸ்க்ரூ வெளியே தெரிகிறதா, பசை போட்டு ஒட்டியிருக்கிறதா. மோட்டார் வயரில் பிரிக்கக்கூடிய கனெக்டர் உண்டா. எடை எவ்வளவு, கையில் எடுத்தால் பொம்மை போலிருக்கும் விசிறியின் தகடுகள் சூட்டை ஆற்றப் போதாது. பெட்டியோடு வெப்பமானி இலவசம் என்பதெல்லாம் கணக்கில் வராது. அந்த வெப்பமானிகள் பல 30, 40 டிகிரி தப்பாகக் காட்டுகின்றன.

வில்லைக்குப் பதில், சூட்டில் விரியும் காற்றால் பிஸ்டனை ஓட்டும் ஸ்டர்லிங் எஞ்சினில் ஓடும் விசிறிகளும் உண்டு. பார்க்க அழகு, பிஸ்டன் ஏறி இறங்குவதைக் குழந்தைகள் மணிக்கணக்காகப் பார்ப்பார்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல், தூசி பட்டால் பிஸ்டன் இறுகும், பல மாடல்களைக் கையால் சுண்டித்தான் கிளப்ப வேண்டும். காட்சிப் பொருளாக வேண்டுமென்றால் வாங்குங்கள்.

அடுப்போடு வரும் மின் புளோயர்

பல அடுப்புகளின் பின்பக்கத்தில் 120 வோல்ட் புளோயர் மாட்ட இடமிருக்கும். கரண்ட் இருக்கும் வரை இது தள்ளும் காற்றுக்குப் பக்கத்தில் மேலே சொன்ன விசிறிகள் எதுவும் நிற்காது. சத்தமும் அப்படியே. இரண்டையும் சேர்த்து ஓட்டுவதில் அர்த்தமில்லை. புளோயர் மேற்பரப்பை ஆற்றிவிடுவதால் மேலே இருக்கும் விசிறி மந்தமாகும்.

இதில் வரும் கோளாறுகள் சில. அடுப்பு சூடாகியும் கிளம்பவில்லை என்றால், அடுப்பின் உடலில் ஒட்டியிருக்கும் காசளவு வெப்ப சுவிட்சைப் பாருங்கள். சுமார் 43 முதல் 49 டிகிரியில் அது இணைய வேண்டும். அடுப்பின் தகட்டோடு அது ஒட்டாமல் ஒரு இழை இடைவெளி விட்டிருந்தாலே சூடு உணராது. பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சின் இரண்டு வயரையும் கனெக்டரால் சேர்த்துக் காப்பிட்டுவிட்டுப் பிளக்கைப் போடுங்கள். புளோயர் ஓடினால் சுவிட்ச் மாற்ற வேண்டும். அப்படியே சேர்த்துவைத்து ஓட்டுவதை வழக்கமாக்காதீர்கள்.

ஹம் என்ற சத்தம் மட்டும் வந்து சுற்றாமல் நின்றால் பேரிங் இறுகியிருக்கிறது. உடனே அணையுங்கள், நின்ற மோட்டார் நிமிடங்களில் எரியும். எண்ணெய்த் துளை இருக்கும் மாடல்களில் எஸ்ஏஇ 20 என்ற தடிமன் எண் கொண்ட மின்மோட்டார் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கையால் சுற்றிவிடலாம்; மூடிய பேரிங் என்றால் மாற்றுவதுதான். வேகக் குமிழைக் கடைசி வரை குறைத்து வைத்து ஓட்டினாலும் இதே கதி. குமிழின் ஓரத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருப்பிக் குறைந்தபட்ச வேகத்தை, தயங்காமல் கிளம்பும் அளவுக்கு ஏற்றிவையுங்கள்.

ஓடுகிறது ஆனால் காற்று வரவில்லை என்ற புகாரில் பாதிக்கு மேல், புளோயருக்குள் சுழலும் உருளைக் கூண்டின் வளைந்த இறக்கைகளில் அடைந்த பஞ்சும் முடியும்தான் காரணம். வீட்டில் நாய் இருந்தால் சீசனுக்கு இரண்டு முறையாவது கழற்றி, பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு இறக்கையாகத் தேய்க்க வேண்டும். கூண்டின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன உலோகக் கிளிப்பை அழுக்கு என்று பிடுங்கிவிடாதீர்கள், அது சமநிலைக்காக வைத்த எடை. மாட்டும்போது ரப்பர் வாஷர்கள் இறுகிக் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். புளோயர் சத்தம் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு அடுப்புத் தகடு அதிரும் சத்தம்.

கோடையில் இந்த விசிறிகளை அடுப்பின் மேலேயே விட்டுவைப்பவர்கள் அதிகம். புகைபோக்கி வழியே இறங்கும் ஈரக்காற்று அடிக்கட்டையின் கீழே அடுப்புத் தகட்டில் துரு ஏற்றும், தூசி புஷ்ஷில் இறங்கும். சூடு நின்றதும் துடைத்து, அட்டைப்பெட்டியில் இறக்கை மேல் எதுவும் சாயாதபடி வைத்துவிடுங்கள். அக்டோபரில் எடுத்ததும் முதலில் இறக்கையைச் சுண்டிப் பார்த்துவிட்டு, கொதிநீரில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். வில்லையோ மோட்டாரோ ஆர்டர் போட்டால் வந்து சேர ஒரு வாரம் ஆகலாம். கோளாறைத் தெரிந்துகொள்ள நல்ல நேரம் முதல் பனிக்கு முன்தான்.